கரண்ட் போய் வந்தால் கன்சோலில் டிஸ்க் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது, கீபோர்டு காரணமா? (டெபியன் 12)

செக்காலை_வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இருப்பது காரைக்குடியில், ஆத்தங்குடியில் ஒரு பூக்கல் பட்டறையின் கணினி வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பட்டறை ஆபீஸில் ஒரு சின்னப் பெட்டி ஓடுகிறது, டெபியன் 12 லினக்ஸ், டெஸ்க்டாப் எதுவும் போடவில்லை, வெறும் கறுப்புத் திரைக் கன்சோல்தான். கணக்கு எழுதும் புரோகிராமும் எழுத்துத் திரையில் ஓடுவதுதான், கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு அதுதான் பழக்கம், மவுஸைத் தொடவே மாட்டார். வாடிக்கையாளர் கணக்கெல்லாம் இருப்பதால் டிஸ்க் முழுக்க லக்ஸ் குறியாக்கம் (கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும் பூட்டு) போட்டு வைத்திருக்கிறேன்.

பழைய கீபோர்டு சிமெண்டுத் தூசியும் கலர்ப் பொடியும் ஏறி பாதி விசை எழும்பாமல் போனது. முதலாளியின் மகன் லண்டனிலிருந்து வந்தபோது நல்ல கனமான கீபோர்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார், அதை மாட்டினோம். அன்றிலிருந்துதான் சிக்கல். ஆடிக் காற்றில் கரண்ட் அடிக்கடி போய் வருகிறது, யுபிஎஸ் தாங்காத நேரத்தில் பெட்டி அணைந்து மறுபடி கிளம்பும்போது டிஸ்க் கடவுச்சொல் கேட்கும், முதலாளி சரியாகத்தான் அடிக்கிறார், ஆனால் தவறு என்கிறது. நான் போய் என் சாதாரண கீபோர்டை மாட்டி அதே சொல்லை அடித்தால் உடனே திறக்கிறது. அப்புறம் என் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க்கில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனால் எந்தத் தொந்தரவும் இல்லை. கடவுச்சொல்லில் @ ஒன்று, # ஒன்று இருக்கிறது.

கன்சோல்-டேட்டா பொதியை நிறுவி லோட்கீஸ் யுகே (கீபோர்டு அமைப்பை பிரிட்டிஷுக்கு மாற்றும் கட்டளை) என்று கொடுத்துப் பார்த்தேன், சரியாக வேலை செய்தது. மறுபடி கிளம்பினால் பழையபடி ஆகிவிடுகிறது. இதை நிரந்தரமாக்குவது எப்படி, அதுவும் டிஸ்க் கடவுச்சொல் கேட்கும் கட்டத்திலேயே?

கூடவே இன்னும் சில. முதல் திரையில் கணக்குப் புரோகிராம் தானாகவே வந்து நிற்க வேண்டும். வேறொரு திரையில் லாக் ஓடிக்கொண்டே இருந்தால் நான் வரும்போது பார்த்துக்கொள்வேன். கணக்குப்பிள்ளை ஐயா விண்டோஸ் பழக்கத்தில் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அடித்துவிடுகிறார், பெட்டி அப்படியே மறுதொடக்கம் ஆகிறது, அதை நிறுத்த வேண்டும். புது மானிட்டரில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, அவருக்குக் கண் தெரியவில்லை. இன்னொன்று, ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு கெட்டிதான் (திரையில் லாகின் கேட்கும் புரோகிராம்) ஓடுகிறது, ஆறு திரை இருக்கும் என்றார்களே, மற்றவை எங்கே?

---

ஊரணிக்கரை:

முதலில் இன்றைக்கு இரவு கரண்ட் போனால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன், மற்றவர்கள் விவரமாகச் சொல்வார்கள்.

உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் அமைப்புக் கீபோர்டு. என்டர் விசை தலைகீழ் எல் மாதிரி உயரமாக இருக்கும், இடது ஷிப்ட் குட்டையாக இருக்கும், அதற்கும் இசட்டுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு விசை இருக்கும், 3-க்கு மேல் £ அச்சடித்திருக்கும். பெட்டியோ இன்னும் அமெரிக்க அமைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. முதலாளி @ என்று அச்சிட்ட விசையை, அதாவது செமிகோலனுக்கு வலப்பக்கத்தில் இருப்பதை, ஷிப்டோடு அழுத்தும்போது உள்ளே போவது " குறி. என்டரை ஒட்டியிருக்கும் # விசையை அழுத்தினால் போவது \ குறி. கடவுச்சொல் அடிக்கும்போது எழுத்து திரையில் தெரியாது, அதனால் மனிதருக்கு இது தெரிய வழியே இல்லை.

ஆகவே சரிசெய்யும் வரை முதலாளியிடம் இப்படிச் சொல்லிவிடுங்கள்: @ வேண்டிய இடத்தில் ஷிப்ட்டும் 2-ம், # வேண்டிய இடத்தில் ஷிப்ட்டும் 3-ம், அதாவது £ போட்டிருக்கிறதே அந்த விசை. அச்சில் என்ன இருந்தாலும் கண்டுகொள்ளாமல் அழுத்தச் சொல்லுங்கள், திறந்துவிடும். நீங்கள் ஆத்தங்குடிக்கு ஓட வேண்டியதில்லை.

---

கருந்திரை:

தம்பி, ஊரணிக்கரை சொன்னது அப்படியே சரி. அதன் அடியில் இருப்பதையும் புரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே பிடித்துவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கீபோர்டு கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, எத்தனையாவது விசை என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. உங்கள் # விசையின் எண் 43, இடது ஷிப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கூடுதல் விசையின் எண் 86. பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்து ஷோகீ கட்டளையை ஓட்டி ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், எண் வரும். பத்து விநாடி எதையும் தொடாமல் இருந்தால் தானாக வெளியே வந்துவிடும். எஸ்எஸ்எச் வழியாக இதை ஓட்டிப் பயனில்லை, உண்மையான கன்சோலில்தான் ஓட்ட வேண்டும். அந்த எண்ணை எந்த எழுத்தாக மாற்றுவது என்று தீர்மானிப்பது கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும் ஒரு அட்டவணை. எஸ்எஸ்எச்சில் போகும்போது உங்கள் லேப்டாப்பே எழுத்தாக மாற்றி அனுப்பிவிடுகிறது, பெட்டியின் அட்டவணைக்கு அங்கே வேலையே இல்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதைப் போலத்தான் இது, முன்வாசல் நன்றாகத் திறக்கிறது என்பதால் பின்வாசல் பூட்டும் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆபத்து நேரத்தில் நெட்வொர்க் இருக்காது, கன்சோல் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கன்சோலில் ஒரு தடவையாவது எல்லாக் குறிகளையும் அடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

லோட்கீஸ் என்ன செய்கிறது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் அட்டவணையை மாற்றுகிறது, அவ்வளவுதான், எங்கும் எழுதி வைப்பதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், அந்த அட்டவணை ஆல்ட்-எஃப்1, ஆல்ட்-எஃப்2 என்று மாற்றிக்கொள்ளும் எல்லா மெய்நிகர் திரைகளுக்கும் பொதுவானது. இரண்டாம் திரையில் மாற்றினால் முதல் திரையிலும் மாறிவிடும், திரைக்கு ஒன்றாக வைக்க முடியாது.

டெபியனில் நிரந்தரமாக்க லோட்கீஸைத் தேடிப் போகவே வேண்டாம், கன்சோல்-டேட்டா பொதியும் தேவையில்லை. ரூட்டாக (நிர்வாகியாக) டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன் என்று கொடுங்கள். பொதுவான 105 விசைப் பிசி, அப்புறம் ஆங்கிலம் யுகே என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள், மற்றக் கேள்விகளுக்கு என்டர் போதும். அது எழுதுவது /ஈடிசி/டிஃபால்ட்/கீபோர்டு என்ற கோப்பில். கையால் எழுதுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்: இந்தக் கோப்பில் எக்ஸ்கேபி-லேஅவுட் என்ற வரிக்கு மதிப்பு ஜிபி, யுகே அல்ல. லோட்கீஸுக்குத்தான் யுகே. இரண்டும் வேறு வேறு பெயர்ப்பட்டியல்.

மாற்றியதை உடனே ஏற்ற செட்அப்கான் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எஸ்எஸ்எச்சில் இருந்துகொண்டு அதை ஓட்டினால் நாம் கன்சோலில் இல்லை என்று சொல்லி ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும், பெட்டியின் முன் உட்கார்ந்து ஓட்டுங்கள், அல்லது ஃபோர்ஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள்.

இப்போது முக்கியமான இடம். டிஸ்க் கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் உங்கள் ஈடிசி அடைவு இன்னும் பூட்டிய டிஸ்கின் உள்ளே இருக்கிறது, அதிலுள்ள கோப்பை யாரும் படிக்க முடியாது. அப்போது ஓடுவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற குட்டிக் கோப்பு முறைமை, பூட் பகுதியில் தனியாக இருக்கும். கீபோர்டு அட்டவணையின் பிரதி ஒன்றும் அதற்குள்ளேயே போக வேண்டும். அதனால் மேலே சொன்னதை முடித்ததும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை மைனஸ் யு விருப்பத்தோடு கட்டாயம் ஓட்டுங்கள். இதை விட்டுவிட்டால் லாகின் திரையில் எல்லாம் சரியாக இருக்கும், டிஸ்க் கேள்வியில் மட்டும் பழைய அமெரிக்க அட்டவணையே நிற்கும், நீங்களும் முதலாளியும் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில் இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பைத் திறந்து கீமேப் என்ற வரிக்கு ஒய் என்று எழுதிவிட்டு ஓட்டுங்கள், சந்தேகத்துக்கே இடமிருக்காது. பூட் பகுதியையும் குறியாக்கம் செய்து க்ரப் என்ற பூட்லோடரே கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருந்தால் அது வேறு கதை, க்ரப் தன் போக்கில் அமெரிக்க அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் இத்தனையும் செய்தாலும் நான் இன்னொன்று செய்யச் சொல்வேன், என் பார்வையில் இதுதான் உண்மையான தீர்வு. அட்டவணையை பிரிட்டிஷுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் இந்தக் கீபோர்டும் போகும், அவசரத்துக்குக் காரைக்குடிக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கீபோர்டை மாட்டுவீர்கள், அப்போது இதே தகராறு மறுபக்கத்திலிருந்து வரும். லக்ஸில் ஒரே டிஸ்கைத் திறக்க ஒன்றுக்கு மேல் கடவுச்சொல் வைக்கலாம். லக்ஸ் முதல் பதிப்பில் 8 இடம், இரண்டாம் பதிப்பில் 32 வரை. கிரிப்ட்செட்அப் லக்ஸ்ஆட்கீ என்று கொடுத்து, ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள நீளமான இன்னொரு கடவுச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள். எழுத்துகளும் மேல்வரிசை எண்களும் இரண்டு அமைப்பிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. குறி இல்லாததால் பலம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம், நீளத்தைக் கூட்டுங்கள். எண்களை வலப்பக்க எண்பலகையில் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், கிளம்பும் நேரத்தில் நம்லாக் எந்த நிலையில் இருக்கும் என்று நம்ப முடியாது. லக்ஸ் தலைப்பகுதியை லக்ஸ்ஹெடர்பேக்கப் கொண்டு வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு இந்த வேலையில் இறங்குங்கள்.

மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஒரே ஒரு கெட்டிதான் தெரிகிறது என்றீர்களே, அது கோளாறு இல்லை. சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வந்த பிறகு முதல் திரைக்கு மட்டும் கெட்டி தயாராக நிற்கும், ஆல்ட்டோடு எஃப்2 அழுத்தி இரண்டாம் திரைக்குப் போகும் அந்தக் கணத்தில்தான் அங்கே ஒன்று பிறக்கும். லாகின்டி.கான்ஃப் கோப்பில் என்-ஆட்டோ-விடிஸ் என்ற வரி எத்தனை திரைவரை இப்படிச் செய்வது என்று சொல்கிறது, மதிப்பு 6. உங்களுக்கு மூன்று போதும் என்றால் 3 ஆக்கிக்கொள்ளுங்கள், விட்டாலும் நஷ்டமில்லை. கர்னல் 63 திரை வரை தரும்.

முதல் திரையில் கணக்குப் புரோகிராம் வர, முதலில் அதற்கென்று சூடோ (நிர்வாகி) உரிமை இல்லாத தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். அப்புறம் சிஸ்டம்சிடிஎல் எடிட் கெட்டி@டிடிஒய்1 என்று திறந்து, சர்வீஸ் பகுதியில் எக்செக்ஸ்டார்ட் வரியை முதலில் வெறுமையாக ஒரு தடவை எழுதி, அதற்கடுத்த வரியில் ஏகெட்டி கட்டளையை ஆட்டோலாகின் விருப்பத்தோடும் அந்தப் பயனர் பெயரோடும் எழுதுங்கள். வெறும் வரியை விட்டுவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டாகி, சிஸ்டம்டி ஏற்காது. அந்தப் பயனரின் பேஷ்-ப்ரொஃபைல் கோப்பில், டிடிஒய் கட்டளை தரும் விடை /டெவ்/டிடிஒய்1 என்றால் மட்டும் புரோகிராமை எக்செக் போட்டுக் கிளப்பச் சொல்லுங்கள். எக்செக் போட்டால் ஷெல் (கட்டளை வாங்கும் புரோகிராம்) இருந்த இடத்தில் புரோகிராம் உட்காரும், அவர் வெளியேறினால் உள்நுழைவும் முடிந்து மறுபடி புரோகிராமே வந்து நிற்கும், அவர் கையில் ஷெல் அகப்படாது. ஒரே எச்சரிக்கை, புரோகிராம் கிளம்பியதும் விழுந்து விழுந்து எழுந்தால் பத்து விநாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் சிஸ்டம்டி முயலாது, திரை அப்படியே நின்றுவிடும். அப்போது ஆல்ட்-எஃப்2-வில் நுழைந்து ரீசெட்-ஃபெய்ல்டு கொடுத்துவிட்டுக் காரணத்தைப் பாருங்கள்.

லாக் திரைக்கு ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் ஃபார்வர்டு-டு-கன்சோல் என்பதை யெஸ் ஆக்கி, டிடிஒய்-பாத் என்பதில் /டெவ்/டிடிஒய்9 என்று கொடுங்கள். ஆறுக்கு மேல் என்பதால் அங்கே கெட்டி வந்து மோதாது. ஆல்ட்-எஃப்9 அழுத்தினால் லாக் ஓடும். ஆபீஸுக்குள் வருகிறவர் எவரும் அதைப் பார்க்கலாம் என்பதை யோசித்துக்கொண்டு செய்யுங்கள். கர்னல் செய்திகள் கணக்கு எழுதும் திரையின் நடுவில் வந்து கொட்டினால் செட்லாக்கான்ஸ் 9 என்று கொடுங்கள், அவையும் அங்கேயே போய்விடும்.

கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் நிறுத்த சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கன்ட்ரோல்-ஆல்ட்-டெல்.டார்கெட். இதோடு முடியவில்லை, இரண்டு விநாடிக்குள் ஏழு தடவைக்கு மேல் அடித்தால் மாஸ்க் செய்திருந்தாலும் சிஸ்டம்டி உடனே மறுதொடக்கம் செய்யும். பதற்றத்தில் தட்டுகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். சிஸ்டம்.கான்ஃப் கோப்பில் கன்ட்ரோல்-ஆல்ட்-டெல்-பர்ஸ்ட்-ஆக்‌ஷன் என்பதை நன் (எதுவும் செய்யாதே) ஆக்குங்கள்.

எழுத்துக்கு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்அப், டெர்மினஸ், 16க்கு 32. ஐயாவுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். கணக்குப் புரோகிராம் 80 பத்தி 25 வரி கேட்டால் மானிட்டர் 1920க்கு 1080 என்ற கணக்கில் 120 பத்தியும் 33 வரியும் கிடைக்கும், தாராளம்.

---

செக்காலை_வாசி:

அண்ணே, ரொம்ப நன்றி. முதலில் புதுக் கடவுச்சொல்லைச் சேர்த்தேன், அப்புறம் கீபோர்டை ஜிபிக்கு மாற்றி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு முதலாளியையே அடிக்கச் சொன்னேன், பழைய கடவுச்சொல்லும் திறந்தது, புதியதும் திறந்தது. கணக்குத் திரை தானாக வருகிறது.

இரண்டு விஷயம் மிச்சம். எழுதிக்கொண்டிருக்கும்போது கணக்கு காணாமல் போய்விட்டது என்று ஐயா போன் செய்கிறார், போய்ப் பார்த்தால் வேறு லாகின் திரை நிற்கிறது. இன்னொரு சமயம் எந்த விசைக்கும் அசையாமல் திரை உறைந்து போகிறது, ஆனால் எஸ்எஸ்எச் வேலை செய்கிறது. பெட்டியில் கோளாறா?

---

ஊரணிக்கரை:

இரண்டும் கோளாறில்லை.

முதலாவது, ஆல்ட்டை அழுத்தியபடி இடது அல்லது வலது அம்புக்குறியைத் தொட்டால் லினக்ஸ் கன்சோல் பக்கத்துத் திரைக்குத் தாவும். கணக்கு முதல் திரையில் பத்திரமாக இருக்கிறது, ஆல்ட்-எஃப்1 அழுத்தினால் விட்ட இடத்திலேயே நிற்கும். மானிட்டர் ஓரத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, சேமிக்கிற பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அடித்திருப்பார். டெர்மினலுக்கு அது வெளியீட்டை நிறுத்து என்ற ஆணை. கன்ட்ரோல்-கியூ அடித்தால் விடும். அதுவரை அடித்ததெல்லாம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், திரையில் மட்டும் வராது, அதனால் பதறி என்டரைத் தட்டிக்கொண்டே இருந்தால் வேண்டாத பதிவுகள் ஏறிவிடும், இதை ஐயாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். நிரந்தரமாக நிறுத்த, பேஷ்-ப்ரொஃபைலில் எக்செக் வரிக்கு முன்னால் எஸ்டிடிஒய் மைனஸ்-ஐஎக்ஸ்ஆன் என்று ஒரு வரி போதும்.

கீபோர்டை எதிர்காலத்தில் சோதிக்க இன்னொரு சுலபமான வழி: இரண்டாம் திரைக்குப் போய் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் சந்தேகமான குறிகளை மட்டும் அடித்துப் பாருங்கள், அங்கே கண்ணுக்குத் தெரியும். பார்த்ததும் கன்ட்ரோல்-யு அடித்து அழித்துவிடுங்கள், என்டர் வேண்டாம். முழுக் கடவுச்சொல்லை அந்த இடத்தில் அடிக்கவே கூடாது, பக்கத்தில் நிற்பவர் படித்துவிடுவார்.

---

பள்ளத்தூர்_பிஎஸ்டி:

@, # இரண்டும் லாகின் திரையில் தகராறு செய்வது மிகப் பழைய சங்கதி. ஆரம்ப கால யுனிக்ஸில், டெலிடைப் இயந்திரத்தில் தாளில் அடித்த காலத்தில், # என்றால் கடைசி எழுத்தை அழி, @ என்றால் வரி முழுவதையும் அழி. லினக்ஸின் ஏகெட்டியும் அதையே வெகுநாள் வைத்திருந்தது, அது அடங்கிய யுடில்-லினக்ஸ் தொகுப்பின் 2.23 பதிப்பில்தான் விட்டது. பழைய பெட்டிகளைப் பராமரிப்பவர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

என் வீட்டுப் பெட்டி ஃப்ரீபிஎஸ்டி (யுனிக்ஸ் வழி வந்த இன்னொரு இயங்குதளம்), அங்கே இதே வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு வார்த்தை, யாருக்காவது உதவும். ஆர்சி.கான்ஃப் கோப்பில் கீமேப் வரிக்கு யுகே என்று எழுதினால் கீபோர்டு முடிந்தது. உடனே பார்க்க கேபிடிகன்ட்ரோல் மைனஸ் எல் யுகே, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க கேபிடிமேப். 11.0 பதிப்பிலிருந்து கன்சோல் என்பது விடி என்ற புது இயக்கி, அட்டவணைகள் /யுஎஸ்ஆர்/ஷேர்/விடி/கீமேப்ஸ் அடைவில் இருக்கும், பழைய சிஸ்கான்ஸின் அட்டவணைகள் வேறு அடைவில், இரண்டையும் கலக்க வேண்டாம். திரைகள் எல்லாம் /ஈடிசி/டிடிஒய்எஸ் என்ற ஒரே கோப்பில் வரிக்கு ஒன்றாக இருக்கும், எண்ணிக்கை டிடிஒய்வி0-விலிருந்து தொடங்கும், அதனால் ஆல்ட்-எஃப்1 அழுத்தினால் வருவது பூஜ்யமாவது. வேண்டாத திரைக்கு ஆன் என்பதை ஆஃப் ஆக்கிவிட்டு கில் மைனஸ் ஹப் 1 கொடுத்தால் இனிட் கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும். அதே கோப்பில் கன்சோல் என்று தொடங்கும் வரியில் செக்யூர் என்பதை இன்செக்யூர் ஆக்கினால் ஒற்றைப் பயனர் நிலைக்குப் போகும்போது ரூட் கடவுச்சொல் கேட்கும். ஆபீஸில் திறந்து கிடக்கும் பெட்டிக்கு இது அவசியம் என்பது என் கருத்து. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டை நிறுத்த சிஸ்கன்ட்ரோலில் கெர்ன்.விடி.கேபிடி-ரீபூட் என்பதை 0 ஆக்கினால் போதும்.

ஒரே கோப்பு, ஒரு திரைக்கு ஒரு வரி, கண்ணால் படித்தால் புரிகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்க்ரோல்லாக் அழுத்திவிட்டுப் பக்க விசைகளால் மேலே போய் ஓடிப்போன வரிகளைப் படிக்கலாம். லினக்ஸ் கன்சோலில் ஷிப்ட்-பேஜ்அப் இருந்தது, 2020-ல் 5.9 கர்னலோடு அதை எடுத்துவிட்டார்கள். பெட்டி கிளம்பும்போது மேலே ஓடிய பிழைச்செய்தியைப் பிடிக்க முடியாமல் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். டெபியன்காரர்கள் அதற்கு ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

---

செக்காலை_வாசி:

ஐயா இப்போது இன்னொன்று கேட்கிறார், வாடிக்கையாளர் பெயரையும் கல்லின் டிசைன் பெயரையும் தமிழிலேயே இந்தத் திரையில் எழுத முடியுமா என்று. எஸ்எஸ்எச்சில் என் லேப்டாப்பில் தமிழ் வருகிறது, கன்சோலில் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. எழுத்துரு மாற்றினால் சரியாகுமா?

---

கருந்திரை:

ஆகாது தம்பி. லினக்ஸ் கன்சோலின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 உருக்கள்தான் இருக்கலாம். ஆனால் தடை அந்த எண்ணிக்கை அல்ல, யூனிகோடின் முதன்மைத் தமிழ்ப் பகுதியில் இருப்பதே 128 இடம்தான், தாராளமாக அடங்கும். தடை என்னவென்றால் கன்சோல் ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கொ என்று எழுத கோப்பில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் இருக்கும், திரையில் அந்தக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறு பாதி பின்னாலும் வர வேண்டும். கு, கூ போன்றவற்றுக்கு உருவே மாற வேண்டும். அதைச் செய்ய ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு எழுத்துக்கோப்பு இயந்திரம் வேண்டும், கர்னல் கன்சோலில் அது இல்லை.

உள்ளீட்டிலும் இதே மாதிரிதான். இன்ஸ்கிரிப்ட் அமைப்பு விசைக்கு ஒரு குறி என்பதால் லோட்கீஸ் அட்டவணையாகவே எழுதிவிடலாம். தமிழ்99-ல் முன்னால் என்ன அடித்தோம் என்று பார்த்துப் புள்ளி தானாக விழ வேண்டும், வெறும் அட்டவணையால் அது முடியாது.

ஆனால் கோப்பில் சேமிப்பதற்கு ஒரு தடையும் இல்லை. யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், கன்சோல் கட்டமாகக் காட்டினாலும் கோப்பில் அது முழுசாகத்தான் இருக்கும். பெயர்ப்பட்டியலை மட்டும் நீங்கள் எஸ்எஸ்எச்சிலிருந்து தமிழில் ஏற்றிவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள், ஐயா கன்சோலில் எண்ணை அடிக்கட்டும், பில் அச்சாகும்போது தமிழ்ப் பெயர் வரட்டும். அச்சுக்கு பேங்கோ (எழுத்தைக் கோத்து அடுக்கும் நிரல்தொகுப்பு) வழியாக பிடிஎஃப் எடுத்து பிரிண்டருக்கு அனுப்பினால் எழுத்து சிதையாது, பழைய டாட் மேட்ரிக்ஸாக இருந்தால் படமாக அனுப்ப வேண்டியிருக்கும். என்ன பிரிண்டர் என்று எழுதுங்கள், அதற்குத் தகுந்தபடி சொல்கிறேன்.

ஐயா திரையிலேயே தமிழைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்பது திரை, பத்துத் திரை என்று போகாமல், சின்னதாக ஒரு எக்ஸ் சர்வரும் (படத்திரையைத் தரும் புரோகிராம்), சாளர அலங்காரம் எதுவும் இல்லாமல் தமிழைச் சரியாகக் கோக்கும் டெர்மினல் ஒன்று முழுத்திரையாகவும் போதும். முதல் திரையில் எக்செக் செய்யும் இடத்தில் ஸ்டார்ட்எக்ஸ் வரும், மற்றத் திரைகள் அப்படியே இருக்கும், அங்கிருந்து போக மட்டும் ஆல்ட்டோடு கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்த வேண்டும். கீபோர்டுக்கு எக்ஸும் அதே /ஈடிசி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பைத்தான் படிக்கிறது, ஜிபி என்று நீங்கள் எழுதியதே அங்கும் செல்லும்.